கருவூலக் கணக்கர் உலக வங்கி, ஐஎம்எஃப் பக்கம் போக முடியுமா?

கணக்கர்27:
வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு ஒரு சார்நிலைக் கருவூலத்தில் நான்கு வருடமாகக் கணக்கராக இருக்கிறேன். வயது 27. பில் பார்ப்பது, கணக்குத் தலைப்பு தப்பாக இருந்தால் திருப்பி அனுப்புவது, மார்ச் கடைசியில் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருப்பது, இதுதான் வேலை. வெளிநாட்டு அரசுகளுக்கு பட்ஜெட், கடன், வரி பற்றி ஆலோசனை சொல்கிற வேலைக்குப் போக ஆசை. வெளிநாட்டு பிஎச்டி இல்லாமல் வாசலில்கூட விடமாட்டார்கள் என்கிறான் அண்ணன். உண்மையா?

பழைய ஃபெலோ:
பாதி உண்மை. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) இளம் பொருளாதாரக்காரர்களை எடுக்கும் எகனாமிஸ்ட் புரோகிராமுக்கு பொதுவாக பிஎச்டி கேட்பார்கள். உலக வங்கி இளைஞர்களை எடுக்கும் யங் புரொஃபஷனல்ஸ் திட்டத்துக்கு முதுகலையோடு சில வருட அனுபவம் போதும், ஆனால் வயது வரம்பு 32, போட்டியோ சொல்லி மாளாது. நான் போனது லண்டனில் உள்ள ஓடிஐ என்ற ஆய்வு நிறுவனம் 1963-இல் தொடங்கிய ஃபெலோஷிப் வழியாக. அதில் ஆலோசகராக இல்லாமல், அந்த நாட்டு அரசு ஊழியராகவே இரண்டு வருடம் உட்கார வைப்பார்கள். (இந்த வருடம் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள்.)

எனக்குக் கிடைத்தது ஆப்பிரிக்காவில் ஒரு நிதி அமைச்சகம். நான் கொண்டுபோன பொருளாதாரக் கணிப்பு மாடலை ஒருத்தரும் திறக்கவில்லை. பட்ஜெட் நிறைவேறிவிட்டது, பணம் வரவில்லை, ஆனாலும் துறைகள் பட்ஜெட்டைக் காட்டி ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருந்தன. அரசு எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்று கேட்டால் கம்ப்யூட்டர் ஒரு தொகை சொன்னது. நிஜத் தொகை ஒரு கணக்கர் அம்மாவின் மேஜைக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டியில் இருந்தது, எல்லாம் பதிவே ஆகாத பில்கள். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக் கூட்டியதுதான் நான் அங்கே செய்த ஒரே உருப்படியான வேலை. அதை உங்களை மாதிரி ஆள் என்னைவிட வேகமாகச் செய்திருப்பார்.

யாழ்ப்பாணத்தான்:
இலங்கையில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தார்கள், 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டொலர் ஐஎம்எஃப் திட்டம் வந்தது, ஆலோசகர்கள் வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது. கவனித்தால் இரண்டு ரகம். கடன் நிலைமையைக் கணிக்க வருபவர்கள் பிஎச்டிக்காரர். திறைசேரி (உங்கள் கருவூலம்தான்), வரி நிர்வாகம் என்று வருபவர்களில் கனபேர் ஏதோ ஒரு நாட்டில் அதே வேலையைப் பல வருடம் பார்த்தவர்கள். நீங்கள் இரண்டாவது ரகம். தில்லியில் 2017-இல் திறந்த ஐஎம்எஃப்பின் சார்ட்டாக் மையம் இந்தியா, இலங்கை உட்பட ஆறு நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறது. மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள்.

டீக்கடை பெஞ்ச்:
இதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்பதையும் சொல்லுங்கப்பா. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை மூடியது, அதை நம்பியிருந்த திட்டங்கள் எத்தனையோ பாதியில் நின்றன. வேலையை விடாமல் நீண்ட விடுப்பு கிடைக்குமா பாருங்கள். அப்புறம், பிரெஞ்சு படியுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பட்ஜெட்டே பிரெஞ்சில்தான்.

கணக்கர்27:
எல்லோருக்கும் நன்றி. ஃபெலோ சார், அந்த மூன்று பெட்டியையும் கூட்டினால் கம்ப்யூட்டர் தொகையைவிட எவ்வளவு அதிகம் வந்தது?

பழைய ஃபெலோ:
இரண்டு மடங்குக்கு மேல். அதில் பாதி ஒரே டீசல் வியாபாரிக்குத் தர வேண்டியது.