ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றிய அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

கிள்ளான், மலேசியா | டொயோட்டா 86

என்னுடையது 2013 டொயோட்டா 86, மேனுவல் கியர். கைமாறி வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இதுவரை மூன்று செட் டயரில் ஓட்டிவிட்டேன். இரண்டாவது செட் என்னை நன்றாகப் பயமுறுத்தியது. அடுத்து டயர் வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டி புதிதாக வந்தபோது 215/45 ஆர்17 அளவில் (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) மிஷலின் பிரைமசி எச்பி போட்டிருந்தார்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் பிரியஸ் காரின் ஒரு வகைக்குப் போட்ட அதே டயர். "ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய் பிரியஸ் டயரா?" என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இல்லை. வண்டியை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா, டயரின் பிடியைவிட ஓட்டுபவரின் மகிழ்ச்சிதான் முக்கியம் என்று நினைத்தவர். பிடி அளவாக இருந்தால், பெரிய வேகம் போகாமலேயே பின்பக்கம் மெல்ல நழுவுவதை இடுப்பில் உணரலாம், கையால் திருத்தலாம். ஏறக்குறைய 200 குதிரைத்திறனும் 1,250 கிலோ எடையும் உள்ள வண்டிக்கு அந்தக் கணக்கு சரியாகவே பொருந்தியது. இது புரிய எனக்கு நான்கு வருடமும் எட்டு டயரும் தேவைப்பட்டன.

செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டே (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டும் நாள்) போவதாக நண்பர்கள் கிளம்பினார்கள். 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, மழை இல்லாத நாள். அதற்காக 18 அங்குல ரிம் வாங்கி, 225/40 அளவில் ட்ரெட்வேர் 200 டயர் போட்டேன். எந்த கம்பெனி என்று சொல்லவில்லை, ஏனென்றால் டயரில் குற்றம் இல்லை, நான் அதைப் போட்ட இடம்தான் தவறு. ட்ரெட்வேர் எண் தெரியாதவர்களுக்கு: 100 என்று வைத்த ஒரு சோதனை டயரோடு ஒப்பிட்டு, எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று பக்கச்சுவரில் அடிக்கும் எண் அது. எண் குறைந்தால் பொதுவாக ரப்பர் மென்மையானது, பிடி அதிகம், ஆயுள் குறைவு. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடுவதால், ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 220-ஓடு அப்படியே ஒப்பிட முடியாது.

செப்பாங்கில் அந்த டயர் அருமை. பிரேக்கை எவ்வளவு தாமதமாக அழுத்தினாலும் வண்டி நின்றது. அன்று இரவு வீடு திரும்பும்போது, இனி வேறு டயரே வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஃபெடரல் நெடுஞ்சாலை, வேலைக்குப் போகும் நெரிசல். ஸ்டியரிங் கனத்துக் கிடந்தது. ரிம்மும் டயரும் சேர்ந்து சக்கரத்துக்குச் சக்கரம் எடை கூடியிருந்ததால் சின்னக் குழியும் முதுகில் தெரிந்தது. பழைய அளவில் டயரின் விட்டம் சுமார் 625 மில்லிமீட்டர், புதிய அளவில் 637. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் கியர் எல்லாம் அந்த அளவுக்கு நீண்டுவிடுகிறது (அதே வேகத்தில் என்ஜின் சற்று மெதுவாகச் சுற்றும்), ஏற்கெனவே நடுச்சுற்றில் இழுவை குறைந்த என்ஜினுக்கு அது தெரியத்தான் செய்தது. வளைவில் வண்டி தண்டவாளத்தில் போவது மாதிரி போனது. நான் ஆசைப்பட்டு வாங்கிய அந்த மெல்லிய நழுவலை உணர, பொதுச்சாலையில் போகக்கூடாத வேகம் போக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது காராக் நெடுஞ்சாலையில் நடந்தது. பெந்தோங்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கெந்திங் செம்பா சுரங்கம் தாண்டி கோம்பாக் பக்கம் இறங்கும் வளைவுகள், மாலை நான்கு மணி மழை. எங்கள் ஊர் மழை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், வைப்பர் முழு வேகத்தில் ஓடினாலும் முன்னால் போகும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரியும். 80-க்கும் குறைவாகத்தான் போனேன். வளைவின் உள்பக்கம் தேங்கிய தண்ணீரில் ஏறியதும் ஸ்டியரிங் சட்டென்று எடையில்லாமல் ஆனது, அடுத்த நொடி பின்பக்கம் வெளியே போனது. டிராக்‌ஷன் விளக்கு (சக்கரம் வழுக்கும்போது எரிவது) மின்னியது. முன்னறிவிப்பு என்று ஒன்றுமே இல்லை. நல்ல டயர் என்றால் பிடியை விடப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லும், இது சொல்லவில்லை. இடப்பக்கப் பாதையில் ஒரு மர லாரி. வண்டி தானாகப் பிடித்துக்கொண்டு நேரானது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோம்பாக் டோல் வரைக்கும் மனைவி பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது எல்லாக் காரணமும் கண்முன்னே இருந்தன. அந்த வகை டயரில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு, நடுவில் திடமான ரப்பர்தான் அதிகம். எடை குறைந்த வண்டிக்கு டயரை அகலமாக்கினால் தண்ணீர்மேல் ஏறி மிதப்பது எளிதாகிறது. டிராக்கில் பலமுறை சூடாகிக் குளிர்ந்ததில் ரப்பர் இறுகியிருந்தது, பள்ளமும் பாதிதான் மிச்சம். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், என்னுடையதில் 3 இருந்தது. நம் ஊர் மழைக்கு அந்த 3 போதவில்லை.

இப்போது பழைய 17 அங்குல ரிம்முக்கே திரும்பிவிட்டேன். அதே 215/45, மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4, ட்ரெட்வேர் 320. காற்று கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடி 35 பிஎஸ்ஐ. பிரைமசியைவிட நல்ல பிடி, ஆனால் விடும்போது படிப்படியாக விடுகிறது, மழையிலும் கை சொல்வதைக் கேட்கிறது. ஒன்றரை வருடமாக மனநிறைவு. ஒரே ஒரு சந்தேகம், சென்ற மாதத்திலிருந்து ஈரச் சாலையில் பின்பக்கம் லேசாக அலைகிற மாதிரி இருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் | மஸ்டா எம்எக்ஸ்-5

என் கதை சிறியது. 205/45 ஆர்17. 1,100 கிலோகூட இல்லாத வண்டி. புது டயர் போட்டு வெளியே வந்ததும் வண்டி துள்ள ஆரம்பித்தது, பாலத்து இணைப்புகளில் பக்கவாட்டில் தாவியது. டயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று இரண்டு வாரம் வருத்தம். நல்ல வேளை, விற்பதற்கு முன் காற்றை அளந்தேன். கடையில் எல்லா வண்டிக்கும் அடிக்கிற மாதிரி 36 அடித்திருந்தார்கள். இதற்கு மஸ்டா சொல்வது 29. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது 29-க்கு இறக்கினேன், அன்றைக்கே என் பழைய வண்டி திரும்பி வந்துவிட்டது. புது டயரைப் பற்றி எந்த முடிவுக்கும் வருமுன் காற்றை நீங்களே அளந்து பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் பொறுமையும் வேண்டும், புது ரப்பரின் மேற்பரப்பு தேய்ந்த பிறகுதான் உண்மையான பிடி தெரியும்.

ஈப்போ, மலேசியா | ஹோண்டா எஸ்2000

கிள்ளான் அண்ணே, காராக் பகுதியைப் படிக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. எனக்கு நடந்ததில் வேகம் 40-தான்.

2018-இல் இந்த வண்டியை வாங்கினேன். ஏபி1 (எஸ்2000-இன் முதல் வகை), முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. எஸ்2000 பின்பக்கம் சட்டென்று சுழலும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். விற்றவர் முன்னால் இரண்டும் புது டயர் போட்டுக் கொடுத்தார். பின்னால் இருந்ததில் பள்ளம் 5 மில்லிமீட்டர் இருந்ததால் நானும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். வாங்கி ஒன்பதாவது நாள், தூறல் போட்டு நின்ற நேரம், வீட்டுக்குப் பக்கத்து ரவுண்டபவுட்டில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டேன். வண்டி முழுதாக ஒரு சுற்று சுற்றி, வந்த பக்கமே பார்த்து நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிள் ஏதும் வரவில்லை, அந்த நன்றியை இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்று மாலைதான் பின் டயரின் பக்கச்சுவரைப் படித்தேன். டி.ஓ.டி என்ற எழுத்துகளுக்குப் பிறகு கடைசியாக நான்கு இலக்கம் வரும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 1109. அதாவது 2009-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். ஒன்பது வயது ரப்பர், நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி. முன்னால் புதிது ஒட்டிப் பிடிக்க, பின்னால் கிழடு வழுக்க, வண்டி வேறு என்ன செய்யும்? பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து டயர் நல்லது என்று சொல்லக்கூடாது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் இதேதான். நான் கடன் வாங்கி நான்கையும் ஒரே வகையில் மாற்றினேன். எஸ்2000 கெட்ட வண்டி என்ற எண்ணமே அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணே, பின்பக்கம் அலைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சென்ற மாதம் பஞ்சர் ஏதாவது ஒட்டினீர்களா? அலைன்மென்டுக்குப் போகுமுன் நான்கு டயரின் பக்கச்சுவரையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சென்னை | போர்ஷே 718 கேமன்

உங்களுக்கெல்லாம் எந்த டயர் வாங்குவது என்று கேள்வி. எங்களுக்கு, இருக்கிறதா என்பதே கேள்வி. 2020 ஜூன் மாதம் கார் டயர் இறக்குமதிக்கு இந்திய அரசு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு முன் சில நாளில் கிடைத்த அளவுகள் அதற்குப் பின் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் வருவதில்லை என்று ஆனது. உள்நாட்டில் தயாராகாத பெரிய அளவுகளுக்குத்தான் கஷ்டம். என்னுடையது முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 265/40 ஆர்19. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் வழியில்லை. என்ஜின் நடுவில் இருப்பதால் பின் டயர்தான் முதலில் தீரும்.

2021-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மழைத் தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் இடது பின் சக்கரம் இறங்கியது. காற்று போகவில்லை, ஆனால் பக்கச்சுவரில் கோழி முட்டை அளவுக்கு வீக்கம். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், ஒட்டவோ சரிசெய்யவோ முடியாது. ஸ்டெப்னி கிடையாது, பம்பும் அடைப்புத் திரவமும்தான் கொடுக்கிறார்கள், வீக்கத்துக்கு அவை எதற்கும் உதவாது. வண்டி ஐந்து மாதம் ஷெட்டில் நின்றது.

போர்ஷே ஒப்புதல் கொடுத்த டயரில் என்0, என்1 என்று ஒரு குறி இருக்கும். எண் பெரியதானால் தரம் உயர்ந்தது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அதே டயரின் பின்னால் வந்த திருத்தம், அவ்வளவுதான். ஒரே வண்டியில் என்0, என்1 இரண்டையும் கலக்கக்கூடாது. ஒரு வியாபாரி ஒற்றை டயர் இருக்கிறது என்று கூப்பிட்டார். ஆசையாகப் போனேன். குறி வேறு, தேதி 3417, அதாவது நான்கு வயது. முழு விலை கேட்டார். ஷெட்டில் நிற்கும் வண்டியை நினைத்தால் வாங்கிவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. வாங்கவில்லை. கடைசியில் பின் டயர் இரண்டும் ஒரே குறி, ஒரே வருடத்தில் கிடைத்தன, இரண்டையும் மாற்றினேன். இப்போது பின் டயரில் 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே அடுத்த ஜோடிக்குச் சொல்லி வைத்துவிடுகிறேன். இந்தியாவில் இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வண்டி வாங்கும்போதே எந்த அங்குல ரிம்முக்கு டயர் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். 19-ஐவிட 20 பார்க்க அழகு. டயர் தேடும்போது அந்த அழகுக்கு விலை தெரியும்.

கிள்ளான், மலேசியா | டொயோட்டா 86

ஈப்போ தம்பி, ரொம்ப நன்றி. நேற்றிரவு உங்கள் பதிவைப் படித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போனேன். நான்கு டயரின் தேதியும் சரியாக இருக்கின்றன. ஆனால் வலது பின் டயரில் வெளியே தெரியும் பக்கம் 'இன்சைட்' என்று எழுதியிருக்கிறது. சென்ற மாதம் ஆணி ஏறி, உள்ளே ஒட்டுவதற்காக டயரைக் கழற்றினார்கள். திரும்பப் போடும்போது பக்கம் மாற்றிவிட்டார்கள். இந்த டயரில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வளைவில் பாரம் தாங்க வெளிப்பக்கம் பெரிய கட்டைகள், தண்ணீர் வெளியேற்ற உள்பக்கம் வேறு அமைப்பு. ஒரு மாதமாக ஒரு சக்கரம் மட்டும் தலைகீழாக ஓடியிருக்கிறது.

காலையில் முதல் ஆளாகக் கடைக்குப் போய்த் திருப்பிப் போட வைத்தேன், பேலன்சிங் முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். அலைன்மென்ட் அளவுகளையும் பார்த்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டு நாளாக வெயில்தான். மழை வந்ததும் காராக் பக்கம் ஒருமுறை போய்வந்து எழுதுகிறேன்.