5 லட்சம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி: எது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் (சென்னையில நாலு பேர் சொல்றது)

வடபழனி, கிளெய்ம் டெஸ்க்
டிஸ்சார்ஜ் அன்னைக்கு வர்ற தகராறுல பாதி ரூம் வாடகையாலதான். 5 லட்சம் பாலிசியில ஒரு நாள் ரூம் வாடகைக்கு பாலிசித் தொகையில 1 சதவீதம்னு வரம்பு இருந்தா, 5,000 ரூபாய் ரூமுக்குத்தான் தகுதி. 10,000 ரூபாய் ரூம் எடுத்தவங்க, மிச்ச 5,000-ஐ மட்டும் கட்டினா போதும்னு நினைக்கிறாங்க. அப்படியில்ல. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாம் அதே விகிதத்துல குறையும். அந்தக் கணக்கு 1,20,000 வந்தா கம்பெனி தர்றது 60,000. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட், ஐசியூ கட்டணத்துல இந்த வெட்டு கூடாது. எந்த ரூம் எடுத்தாலும் டாக்டர், தியேட்டர் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் கூடாது. வெட்டியிருந்தா எழுத்துல காரணம் கேளுங்க. பாலிசி வாங்கும்போதே ரூம் வரம்பு இல்லாததா பாருங்க. மத்த சலுகையெல்லாம் அப்புறம்.

பெரம்பூர், ஏஜென்ட்
ஃப்ளோட்டர்ல, அதாவது குடும்பம் முழுசுக்கும் ஒரே தொகையில எடுக்கிற பாலிசியில, பிரீமியத்தைத் தீர்மானிக்கிறது வீட்டுல மூத்தவரோட வயசு. 62 வயசு அப்பாவையும் 6 வயசுப் பிள்ளையையும் ஒரே பாலிசியில போட்டா எல்லாருக்கும் சேர்த்து ஏறும். போதாக்குறைக்கு அவர் ஒரு ஆபரேஷன்லயே மொத்தத் தொகையையும் தீர்த்துடலாம். பெத்தவங்களுக்குத் தனியா எடுங்க.

ஒரு தொகைக்கு மேல வர்ற செலவுக்கு மட்டும் கொடுக்கிற கூடுதல் பாலிசிதான் டாப்-அப், சூப்பர் டாப்-அப். ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. விலக்குத் தொகை, அதாவது அதுவரைக்கும் இந்தப் பாலிசி தராத தொகை, 5 லட்சம்; ஒரே வருஷத்துல 4 லட்சம், 4 லட்சம்னு ரெண்டு பில். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியா பார்க்கும். ரெண்டுமே 5 லட்சத்தைத் தாண்டல, ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் ரெண்டையும் கூட்டி 8 லட்சம்னு எடுத்து, மிச்ச 3 லட்சத்தைத் தரும். ரெண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான், அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

பழைய நோயை மறைக்காம எழுதுங்க. அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 36 மாசம்தான்.

குரோம்பேட்டை, எச்ஆர்
ஆபீஸ் குரூப் பாலிசியில பொதுவா காத்திருப்பு இருக்காது, பிரசவமும் வரும். ஆனா வேலையை விட்டா அதோட சரி. விலகுறதுக்கு முன்னாடியே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிச்சா, குரூப்ல இருந்த காலம் காத்திருப்புல கழியும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, குரூப்புக்கு உண்டு.

தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு ஈஎஸ்ஐ-க்கு மாசச் சம்பள வரம்பு 21,000. நடுவுல சம்பளம் ஏறினாலும் அந்த அரையாண்டு முடியற வரைக்கும் பிடித்தம் தொடரும், கே.கே. நகர், அயனாவரம் ஆஸ்பத்திரிகள்ல சிகிச்சையும் தொடரும்.

சைதாப்பேட்டை
முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தை யாரும் சொல்லலையே? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா வருஷம் 5 லட்சம், பிரீமியம் இல்லை. விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு வேணும். பட்டியல்ல இருக்கிற சிகிச்சை, பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரி மட்டும்.

வடபழனி, கிளெய்ம் டெஸ்க்
கடைசியா ஒண்ணு. கிளெய்மை மறுத்தா முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, திருப்தி இல்லைன்னாலோ இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மேல வர்ற புகாரை விசாரிக்கிற, தேனாம்பேட்டையில இருக்கிற இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் ஆபீஸ்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூணும் கையில இருக்கட்டும்.