‘ரிவோக்கபிள்’: தமிழில் என்ன சொல்வது?

தருமபுரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு ரஸ்ட் நிரல்மொழியில் இயக்கி (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுவது பற்றிய கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஓனர்ஷிப்’ உடைமை, ‘பாரோ’ இரவல். அவை முடிந்துவிட்டன. ‘ரிவோக்கபிள்’ (திரும்பப் பெறக்கூடியது) மட்டும் நிற்கிறது.

கணினியில் செருகும் பிசிஐ அட்டையின் பதிவகங்களை, அதாவது அட்டையிலுள்ள சிறு நினைவிடங்களை, கர்னல் முகவரிகளில் பொருத்தி வைக்கிறோம். அட்டையைப் பிடுங்கினாலோ இயக்கியைக் கழற்றினாலோ அந்தப் பொருத்தம் போய்விடும். ஆனால் பயனர் நிரல் திறந்த கோப்பு மூடப்படாமல் இருக்கலாம். அதன் வழியே வரும் அடுத்த அழைப்பு இல்லாத முகவரியைத் தொடும். சி மொழியில் எழுதியிருந்தால் கர்னல் அங்கேயே விழும். விழாவிட்டால் இன்னும் மோசம், அந்த இடத்துக்குப் புதிதாக வந்த தரவு சத்தமில்லாமல் கெடும். இதற்காகத்தான் இப்படிப்பட்ட வளத்தை ஓர் உறைக்குள் வைத்து, ஒவ்வொரு முறையும் ‘ட்ரை ஆக்சஸ்’ (தொட முடியுமா) என்று கேட்டே தொட விடுகிறார்கள். வளம் போயிருந்தால் ‘நன்’ (எதுவும் இல்லை) என்று வரும். ‘ரத்தாகும் உறை’ என்று போடலாமா?

அரூரிலிருந்து:
ரத்து அரபுச் சொல். ‘மீள்வளம்’ இருக்க அது எதற்கு? இரவலையும் மறுபடி யோசியுங்கள். தகடூர் மண்ணில் அதியமானிடம் அவ்வை இரந்து பெற்றது திருப்பிக் கொடுக்கவா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
அரூர் ஐயாவுக்கு: இரவல் புத்தகம் வாங்கினால் அதே புத்தகத்தைத்தான் திருப்பித் தருகிறோம். கைமாற்றுப் பணம் போல் ஈடு கொடுப்பதில்லை. ரஸ்ட் கேட்பதும் அதே. இரவல் இருக்கட்டும்.

‘மீள்’ தன்வினை. வளம் தானாக மீள்வதில்லை, கர்னல் மீட்கிறது. ‘மீள்பதிவு’ என்று படித்துப் பழகிய மாணவர் மீள்வளத்தை ‘மறுபடி பயன்படும் வளம்’ என்றே எடுத்துக்கொள்வார். பொருள் தலைகீழாகிவிடும்.

ஓசூரிலிருந்து:
குத்தகை. மாந்தோப்பைக் குத்தகைக்கு விடாத ஊர் நம் பக்கத்தில் உண்டா? கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த. இங்கே வகுப்பில் மூன்று வீட்டுமொழிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அரூரிலிருந்து:
குத்தகைக்குக் கெடு உண்டு. அட்டையைப் பிடுங்குகிறவர் கெடு பார்ப்பதில்லை. வெற்றிலை வெத்தலை ஆனதுபோல ஒற்றி ஒத்தி ஆயிற்று; கல்வெட்டிலும் உள்ள சொல். ‘ஒற்றியுறை’ என்றால் என்ன?

கிருஷ்ணகிரியிலிருந்து:
ஒத்திப் பணத்தைத் திருப்பாமல் நிலத்தை மீட்க முடியாது. இங்கே பணம் எது?

நடப்பதைப் பார்த்துச் சொல் தேடுவோம். முதலில் ‘இனி இல்லை’ என்று குறி மாறுகிறது. புதிதாக யாரும் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை ‘ஆர்சியூ’ என்ற கர்னல் ஏற்பாடு காத்திருக்கிறது. அதன்பிறகே வளம் அழிகிறது. ஆகவே ‘பறி’ என்ற வேரும் சரிவராது, இதில் பறிப்பு இல்லை. உள்ளே நுழைந்தவர் கையில் இருப்பது ‘கார்டு’ (guard). அதைக் காப்பு என்கிறேன். காப்பு கையில் இருக்கும்வரை உறங்கக்கூடாது, அதாவது நிரல் காத்து நிற்கக்கூடாது: காத்திருக்க வைக்கும் மியூட்டெக்ஸ் பூட்டைப் பூட்டக்கூடாது, காத்திருக்கவும் இடம் தரும் ஜிஎஃப்பி கர்னல் கொடியோடு நினைவகம் கேட்கக்கூடாது. மாணவர் தவறுவது இங்கேதான். பதிவகத்தின் மதிப்பைப் படித்து, காப்பை விட்டுவிட்டு, காத்திருப்பதானால் அதன்பிறகே காத்திருக்க வேண்டும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து:
வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கலாம் என்றார் தொல்காப்பியர். ‘இரத்து’ என்று எழுதினால் தீர்ந்தது. ரேஷன் கார்டு ரத்தானால் என்ன ஆகும் என்று தெரியாதவர் யார்?

கிருஷ்ணகிரியிலிருந்து:
அங்கே ரத்தாவது ரேஷன் கார்டே. இங்கே உறை கையிலேயே இருக்கும், உள்ளே இருந்ததுதான் போயிருக்கும். ‘மீட்கத்தகு உறை’ என்பேன். நீளம்தான், ஆனால் யார் மீட்கிறார், எதை என்று குழப்பம் வராது.

தருமபுரியிலிருந்து:
நேரமாகிவிட்டது. ‘மீட்கத்தகு உறை’க்கு மூன்று பேர். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ரிவோக்கபிள்’ என்றும் போடுகிறேன். ‘காப்பு’க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஓசூரிலிருந்து:
அச்சில் அப்படியே போகட்டும். கரும்பலகையில் நான் குத்தகை என்றே எழுதுவேன்.

அரூரிலிருந்து:
‘தகு’வுக்குப் பின் உயிர் வந்தால் உகரம் கெட்டு ‘மீட்கத்தகுறை’ ஆகாதா? அச்சுக்குப் போகுமுன் பாருங்கள்.