ஒட்டி மடித்த காது: தயாரிப்பா, ஏமாற்றா?

சாட்ஸ்வொர்த் வாசி
எங்கள் ஷெல்டி (ஷெட்லண்ட் ஷீப்டாக் இன நாய்) குட்டிக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. பால்பல் விழத் தொடங்கிய பிறகு இரண்டு காதும் நுனிவரை விறைத்து நிற்கின்றன. நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை; அங்கே காதின் நுனி முன்சாய்ந்திருக்க வேண்டுமாம். நுனியைப் பசை வைத்து மடித்துவிடுங்கள் என்கிறார் குட்டியைக் கொடுத்தவர். இந்த டர்பன் புழுக்கத்தில் அதைச் செய்யலாமா? முறையாகச் செய்வது எப்படி?

ஹில்க்ரெஸ்ட் அக்கா
செய்யலாம் தம்பி, ஆனால் அவசரப்படாதீர்கள். பல் முளைக்கும் பருவத்தில் ஷெல்டியின் காது ஒரு நாள் நிற்கும், மறுநாள் தொங்கும். அதற்காகப் பயந்து கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நல்ல குட்டித் தீவனத்தில் வேண்டிய அளவு இருக்கிறது. அளவு மிஞ்சினால் வளரும் எலும்புக்குக் கேடு.

முதலில் மயிரைப் பாருங்கள். காதுமடலின் ஓரத்து மயிரையும் அடியில் பஞ்சுபோல் திரண்டிருப்பதையும் மெலிதாக்கும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் காது சிறியதாகத் தெரியும், கோடு தெளிவாக விழும். உங்கள் குட்டிக்கு நுனி மயிரை இப்போது தொடாதீர்கள். அந்தக் கனமும் சாய்வுக்கு உதவும்.

அதற்குப் பிறகும் விறைப்பு போகவில்லையென்றால் பசை. மடலின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தோலுக்கு ஒத்துக்கொள்ளும் ரப்பர் பசையை ஒரு பொட்டு வைத்து, நுனியை உட்பக்கமாக மடித்துச் சில நிமிடம் பிடித்திருங்கள். காதின் துளைப்பக்கம் பசை போகவே கூடாது. தினமும் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ சிவப்போ தெரிந்தால் அன்றே பிரித்துவிட வேண்டும். பிரிக்கும்போது இழுக்காதீர்கள், எண்ணெய் ஊற வைத்தால் தானே கழன்றுவரும். ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் விட்டுவிட்டு ஒட்டுவதுதான் நல்லது.

வெருலம்காரன்
அக்கா சொன்ன முறையில் பிழையில்லை. செய்யும் காரியத்தில்தான் பிழை. ஷெல்டியும் அதன் சாயலில் பெரிதாக இருக்கும் கோலியும் பிரிட்டனில் உருவான இனங்கள். ஓர் இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே எழுதிய வரையறையில் கோலியின் காது மூன்றில் இரண்டு பங்கு நிமிர்ந்து, மேல் பங்கு தானாக முன்சாய வேண்டும் என்றிருக்கிறது. பசை போட்டுச் சாய வைத்தது எந்தக் கணக்கில் சேரும்? எந்த நாய் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாகலாம் என்று பார்ப்பதற்காகத்தான் நடுவர் வளையத்துக்குள் நிற்கிறார். அவர் கையில் நீங்கள் பொய்ச் சான்றைக் கொடுக்கிறீர்கள். அந்த நாய்க்குப் பிறந்த குட்டிகளின் காது மறுபடியும் நட்டுக்கொண்டு நிற்கும். வாங்கினவர் மறுபடியும் பசைப் புட்டியோடு உட்கார வேண்டும்.

ஹில்க்ரெஸ்ட் அக்கா
காது நிற்பதும் சாய்வதும் பரம்பரை மட்டுமா? ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்றுக்குப் பல் முளைக்கும் நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால்கூடக் காது தளர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். குருத்தெலும்பு இளசாக இருக்கும்போது ஒரு கை உதவி. அவ்வளவுதான்.

இதை மாபெரும் குற்றம்போல் பேசினால் வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். டோபர்மேனின் காதை வெட்டுவது நம் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி குற்றம். 1962-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 1898-லேயே வெட்டிய காதோடு கண்காட்சிக்கு வரக்கூடாது என்றார்கள். வாலை நறுக்குவதையும் 2008-லிருந்து நம் கால்நடை மருத்துவர்கள் செய்வதில்லை. பசை என்றால் எண்ணெய் விட்டதும் போய்விடும்.

வெருலம்காரன்
கொடுமை என்று நான் எங்கே சொன்னேன்? ஏமாற்று என்றேன். வெட்டின காது பார்த்தவுடன் தெரியும். ஒட்டிப் பழக்கின காது தெரியாது. அந்த வகையில் வெட்டுகிறவனே நேர்மையானவன் என்று சொல்லிவிடலாம், சட்டம் அவனைப் பிடித்தாலும்.

மாரிட்ஸ்பர்க் வைத்தியர் மகள்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். காதைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், ஆபத்தான விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. பசை போட்ட காதில் நமைச்சல் வந்தால் பூச்சி என்று நினைத்து, மாட்டுக்கு வாங்கிவைத்த ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோலியிலும் ஷெல்டியிலும் சில நாய்களுக்கு, கோலியில் மிகப் பலவற்றுக்கு, எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறு உண்டு. 2001-இல் கண்டுபிடித்தார்கள். அதிக அளவு மருந்து மூளைக்குள் போய் நாய் தள்ளாடும், மயங்கும், சாகவும் சாகும். எச்சில் மாதிரியிலேயே பரிசோதித்துவிடலாம். காது நுனிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை இதற்கும் கொடுங்கள்.

வெருலம்காரன்
இதைத்தான் சொல்ல வந்தேன் தங்கச்சி. நடுவரின் கைக்கு எட்டாத கோளாறு உள்ளே இருக்க, எட்டுகிற காதையும் மறைத்துவிட்டால் அவர் எதைப் பார்த்துப் பரிசு கொடுப்பது?

ஹில்க்ரெஸ்ட் அக்கா
அமெரிக்க வரையறையைப் படித்திருக்கிறீர்களா? கோலியின் காது விறைத்து நின்றாலும் தாழ்ந்து தொங்கினாலும் அதன் முகபாவமே கெட்டுவிடும், மதிப்பெண் குறையும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இனத்தின் முகமே காதில் இருக்கிறது என்று வரையறை எழுதிவிட்டு, பிறகு வளர்க்கிறவர் கையைக் கட்டிப்போட்டால் எப்படி? முடிவெட்டுவதும் குளிப்பாட்டி ஊதுவதும் வயிற்று மயிரைச் சீவிவிடுவதும்கூட உங்கள் கணக்குப்படி ஏமாற்றுதான். யாரும் கேட்பதில்லையே.

வெருலம்காரன்
மயிர் வளரும்போது மறுபடியும் உண்மை வந்துவிடும் அக்கா. குருத்தெலும்பு கெட்டியானபிறகு வராது. சரி, ஒரு சமரசம் சொல்கிறேன். ஒட்டிக்கொள்ளுங்கள், போட்டிக்கும் போங்கள். ஆனால் குட்டி விற்கும்போதோ ஆண் நாயைச் சேர்க்கைக்கு விடும்போதோ ‘இதன் காது ஒட்டிப் பழக்கப்பட்டது’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். அதன்பிறகு நான் வாய் திறக்கமாட்டேன்.

ஹில்க்ரெஸ்ட் அக்கா
எழுதுவேன். வெளிப்படையாக எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவரிடம் விலை பேசிக் குறைப்பார்கள், எழுதாதவரிடம் கேட்ட காசைக் கொடுத்து வாங்குவார்கள். அதைச் சரிசெய்யும் வழி உங்களிடம் இருக்கிறதா?

சாட்ஸ்வொர்த் வாசி
அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. இப்போதைக்குப் பசை வைக்கவில்லை; பல் முளைத்து முடியும்வரை பார்க்கிறேன். குட்டியின் தாய்க்குக் காது எப்படி நின்றது, ஒட்டினார்களா என்று கொடுத்தவரிடம் கேட்டேன். ‘அதெல்லாம் எல்லாரும் செய்வதுதான்’ என்று மட்டும் சொன்னார். மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுக்க நாளைக்கு மருத்துவரிடம் போகிறேன்.