டீசல் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை, எங்கிருந்து பார்ப்பது?

உட்லண்ட்ஸ்வாசி: அண்ணன்மார்களே, நேற்று காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் டீசல் ஃபில்டர் மாற்றினேன், வீடு வரை நன்றாகத்தான் வந்தது, இன்று காலை மாடி கார் பார்க்கில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பேட்டரி புதுசு. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குமே, அந்தக் குளோ பிளக் போயிருக்குமோ?

டீசல்மாமா: சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி: துளிகூட இல்லை.

டீசல்மாமா: அப்படியென்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. நம்ம சிங்கப்பூர் வெயிலில் குளோ பிளக்கை நான் முதலில் சந்தேகிக்க மாட்டேன், அது போயிருந்தாலும் வெள்ளைப் புகையாவது வரும். ஃபில்டர் வழியாகக் காற்று புகுந்து, இரவில் டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கும். ஃபில்டர் தலையில் கைப் பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அமுக்குங்கள், காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும்.

லாரிக்காரன்: காமன் ரயில் எஞ்சின் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) என்றால் இன்ஜெக்டர் பைப்பை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைக் கிழித்து உள்ளே போகும். ஸ்டார்ட் ஆக அடிக்கும் ஈதர் ஸ்பிரேயும் வேண்டாம் சாமி.

உட்லண்ட்ஸ்வாசி: நாற்பது அமுக்கு, பிடித்துவிட்டது! ஃபில்டரைக் கழற்றினால் பழைய ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டியிருக்கிறது, அதன் மேலேயே புதுசையும் மாட்டியிருக்கிறார்கள்.

டீசல்மாமா: அதானே பார்த்தேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது வளையத்தில் டீசல் தடவி மாட்டுங்கள்.