வினைல் விரிப்பை உரித்தால் அடியில் கறுப்புப் பசை. இயந்திரம் வைத்துத் தேய்க்கலாமா?

அரைகுறைத் தச்சன்:
கூடத்துத் தரையை மாற்றலாம் என்று ஞாயிறு காலை வினைல் விரிப்பின் மூலையைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் சரசரவென்று கையோடு வந்துவிட்டது. சாம்பல் நிறக் காகிதம் போன்ற அடிப்பாகம் மட்டும் வர மறுக்கிறது. சன்னலோரமாகச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பழைய சதுர ஓடுகள், பக்கத்துக்கு 9 அங்குலம். (அளவுகோல் இல்லாமல் எதையும் நம்பமாட்டேன்.) ஓர் ஓடு பெயர்ந்த இடத்தில் தார் போலக் கறுப்பாகப் பசை. மாலைவரை மல்லுக்கட்டியும் இரண்டு சதுர அடி முடியவில்லை, உள்ளங்கையில் கொப்புளம்தான் மிச்சம். தேய்க்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார் மைத்துனர். அவர் சொன்ன எதுவும் இதுவரை ஒரே நாளில் முடிந்ததில்லை.

பழைய வீட்டுக்காரி:
இயந்திரம் வேண்டவே வேண்டாம். சுரண்டுவதையும் இப்போதே நிறுத்துங்கள். 9 அங்குல ஓடு, கறுப்புப் பசை, சாம்பல் நிற அடித்தாள் ஆகிய மூன்றிலுமே அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டாஸ் நார் கலப்பது உண்டு. உங்கள் தரையில் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். ஓடு முழுதாகக் கிடக்கும்வரை பெரிதாகப் பயமில்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ நார் தூசியாகி மூச்சோடு உள்ளே போகும். அதனால் வரும் நுரையீரல் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும்.

பெயர்ந்து கிடக்கும் துண்டே போதும். நீர் தெளித்து நனைத்து, ஓடு, பசை, அடித்தாள் மூன்றையும் தனித்தனிப் பைகளில் கட்டி அனுப்புங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது, நுண்தூசியை அது பின்பக்கமாக அறைக்குள்ளேயே கக்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து அந்தத் துணியையும் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

அரைகுறைத் தச்சன்:
நேற்றே பெருக்கிவிட்டேனே!

பழைய வீட்டுக்காரி:
போனது போகட்டும். கதவைச் சாத்திவைத்து, முடிவு வரும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

உளியும் நானும்:
அம்மா சொன்னதுதான் சரி. நார் இல்லை என்று முடிவு வந்தால் அடித்தாளின் மேல் வெந்நீரில் நனைத்த பழைய துண்டை விரித்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கூழாகிவிடும். பிறகு அகலமான சுரண்டியைத் தரையோடு படுக்கவைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வரும். நிமிர்த்திப் பிடித்தால் தரையைக் கீறிவிடும். கறுப்புப் பசை வெந்நீருக்கு மசியாது, அது வேறு வேலை.

நார் இருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள். ஓடுகள் ஆடாமல் இருந்தால் எடுக்காமலே மேலே புதுத் தரை போட்டு மூடிவிடலாம். உடைந்த அந்த மூலையை மட்டும் அதற்கென்று பயிற்சி பெற்றவர் சரிசெய்யட்டும். முன்கூட்டியே கதவின் அடி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை. புதுத்தரை போட்டு முடித்த அன்று படுக்கையறைக் கதவு பாதியில் மாட்டிக்கொண்டது. ஆள் உள்ளே, சுத்தியலும் உளியும் வெளியே.

அரைகுறைத் தச்சன்:
மூன்று பைகளும் ஆய்வகத்துக்குப் போய்விட்டன. கதவின் அடியில் 14 மில்லிமீட்டர் இருக்கிறது. மைத்துனரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியானால் மேலேயே மூடிவிடலாமே, ஒரே நாள் வேலை" என்கிறார்.