வேலை முடிந்து வந்து முக்கால் மணியில் இறால் சோறு: உங்கள் வீட்டில் எப்படி?

வேளச்சேரி, சென்னை

வார நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு இறால் செய்பவர்கள் குறைவுதான். அதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம். ஏன் என்று கேட்டால், "யார் உட்கார்ந்து உரிப்பது?" என்பார்கள். வேலை முழுவதும் உரிப்பதில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உரித்து முடித்துவிட்டால் இறாலைப் போல் சீக்கிரம் வேகும் கறி வேறு கிடையாது. ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்து, எட்டே காலுக்குத் தட்டு போடுகிறேன். அதை இங்கே எழுதுகிறேன், நீங்களும் உங்கள் வழியைச் சொல்லுங்கள்.

கைகால் கழுவியதும் முதல் வேலை அரிசி. சீரகச் சம்பாவைக் களைந்து ஊற வைத்துவிடுவேன். 20 நிமிடம் ஊறினால் போதும். புழுங்கலரிசிக்கு நேரம் பிடிக்கும், அதனால் வார நாளில் அதைத் தொடுவதில்லை. அரிசி ஊறுகிற நேரம்தான் இறாலுக்கான நேரம்.

மூன்று பேருக்கு முழு இறாலாக அரைக் கிலோ. தலையும் ஓடும் போனால் பாதிக்குச் சற்று மேலே மிஞ்சும். மீன் கடையிலேயே உரித்துத் தருவார்கள், ஆனால் குடலை எடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. நானே செய்வதற்கு அதுதான் காரணம். தலையைத் திருகி இழுத்து, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஓட்டைக் கழற்றி, முதுகில் கத்தி நுனியால் மேலோட்டமாக ஒரு கோடு. கறுப்பாக நூல் மாதிரி தெரிவதைக் கத்தி முனையில் தூக்கினால் முழுதாக வந்துவிடும். கையில் கொஞ்சம் கல்லுப்பு தொட்டுக்கொண்டால் வழுக்காது. இரண்டு முறை அலசி, நன்றாக வடிகட்டி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு பிசறி ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

இதற்குள் அரிசி ஊறியிருக்கும். ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு பட்டை, இரண்டு விசில்.

இன்னொரு அடுப்பில் தொக்கு. மூன்று குழிக்கரண்டி நல்லெண்ணெய் (குறைக்காதீர்கள், சோறு கிளறுவதற்கும் சேர்த்துத்தான்), சோம்பு, நிறையக் கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கியது, இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன். வெங்காயம் சிவந்ததும் இரண்டு பழுத்த தக்காளி. தக்காளி கரைந்த பிறகு மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன், தனியாத்தூள் ஒரு ஸ்பூன். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை இறாலைப் போடவே கூடாது. என் அனுபவத்தில் இந்தச் சமையலில் முக்கியமான இடம் இதுதான். மசாலா பச்சையாக இருக்கும்போதே இறாலைப் போட்டால், மசாலா வேகும்வரை இறாலும் கூடவே வெந்து ரப்பராகிவிடும். முதலில் மசாலா முழுதாக வேக வேண்டும், பிறகு இறாலுக்கென்று மூன்று நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடமும் அடுப்பை விட்டு நகர மாட்டேன். சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்த சதை முதலில் வால் பக்கம் சிவக்கும், அப்புறம் முதுகு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் செம்மஞ்சள் நிறமி, அஸ்டாக்சாந்தின் என்பது, பச்சை இறாலிலேயே புரதத்தோடு கட்டுண்டு இருக்கிறது. சூடு பட்டதும் கட்டு அவிழ்ந்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மேலே சிவந்தாலும் நடுவில் வேகாமல் இருக்கலாம். தடியான ஒன்றைக் கரண்டியால் வெட்டிப் பார்ப்பேன். நடுவும் வெள்ளையாகியிருந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். தூண்டில் முள்ளைப் போல் வளைந்தால் பதம், தலைப் பக்கமும் வாலும் ஒட்டிச் சுருண்டுவிட்டால் கூடிவிட்டது.

இடித்த மிளகு, கொத்தமல்லி தூவி, ஆவி போன சோற்றைக் கொட்டி உடையாமல் கிளறினால் ஆயிற்று. தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப்பச்சடி. அப்பளம் இருந்தால் பிள்ளைகள் வேறு எதுவும் கேட்பதில்லை.

நாகப்பட்டினம்

தங்கச்சி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் படகுத் தொழில், அதனால் இறால் வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல இறால் கிடைத்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி.

தலையும் உடம்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கறுத்து, தலை தொளதொளவென்று ஆடினால் வேண்டாம். ஓடு சதையோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். முகர்ந்தால் கடல் வாடை வரலாம், மூக்கைக் குத்தும் நெடி வரக்கூடாது. தலைக்குள் ஜீரணத்துக்கான நொதிகள் இருக்கின்றன. இறால் செத்த பிறகும் அவை வேலை செய்யும், தலையை ஒட்டிய சதை மாவு மாதிரி குழைந்துபோகும். அதனால் வாங்கி வந்ததும் சமைக்கவில்லை என்றால் தலையையாவது கிள்ளிவிட்டு ஐஸில் வையுங்கள்.

கடல் இறாலா வளர்ப்பு இறாலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது, நாட்டுப்படகில் வருவதுதான். அப்போது சந்தையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பண்ணை இறால். 2009இல் வன்னாமெய் என்ற இறாலை வளர்க்க அனுமதி கொடுத்த பிறகு குட்டைகளில் அதுதான் நிறைந்துவிட்டது. பசிபிக் கடலோரத்து இனம் அது, அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரை. வளர்ப்பு இறால் மோசம் என்று சொல்ல மாட்டேன். அளவு ஒன்றுபோல் இருக்கும், ஒரே நேரத்தில் வேகும், வார நாள் சமையலுக்கு அது பெரிய வசதி. ஆனால் வாசனை வேறு. கடலில் இறால் தின்னும் புழுக்களிலும் பாசியிலும் இருந்து புரோமோபீனால் என்ற பொருள் சதையில் சேர்கிறது, கடல் ருசி என்று நாம் சொல்வதில் அதற்குப் பங்கு உண்டு. குட்டையில் தீவனம் தின்று வளர்ந்ததில் அது குறைவு.

இன்னொன்று, தலையைக் குப்பையில் போடாதீர்கள், எனக்கு மனசே கேட்காது. கண்ணையும் முள்ளையும் வெட்டிவிட்டுக் கழுவி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் நாலு பல் பூண்டோடு போட்டு வதக்கி, கரண்டியால் அழுத்துங்கள். செக்கச்செவேலென்று கொழுப்பு இறங்கும். மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் அரிசியை வேக வையுங்கள். வளர்ப்பு இறாலாக இருந்தாலும் சோறு வேறு மாதிரி வரும். எங்கள் மாமியார் இருந்தவரை இதற்கென்றே தலையைத் தனியாக எடுத்து வைப்பார். கடலுக்குப் போய் விடியக் காலையில் திரும்பியவர்களுக்கு அந்தச் சோறுதான் முதல் சாப்பாடு.

ஸ்கார்பரோ, கனடா (ஊர் யாழ்ப்பாணம்)

அக்கா, இஞ்சை எங்களுக்கு ஐஸில் உறைந்த பாக்கெட் இறால்தான். அதைப் பற்றி நாலு விஷயம் சொன்னால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

பாக்கெட்டில் 31/40 என்று போட்டிருப்பது ஒரு இறாத்தலுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. ஒரு இறாத்தல் 454 கிராம். எண் குறைந்தால் இறால் பெரிது. சோற்றுக்கு 31/40 தோதானது, அதைவிடச் சின்னது சட்டியில் போட்டதும் காணாமல் போகும். இளஞ்சிவப்பாக இருக்கிற பாக்கெட்டை எடுக்க வேண்டாம், அது ஏற்கெனவே அவித்தது. திரும்பவும் கறியில் போட்டால் இறுகிவிடும். சாம்பல் நிறத்தில் இருக்கிறதைத்தான் எடுக்க வேணும். பின்பக்கம் சேர்மானங்களையும் வாசியுங்கள். இறால், உப்பு என்று மட்டும் இருந்தால் நல்லது. சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சட்டியில் போட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வந்து, வறுவல் அவியலாகிப் போகும்.

வேலையால் வந்ததும் வேண்டிய அளவை ஒரு பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி வைப்பேன். உடுப்பு மாற்றி, தேங்காய்ப்பால் டின்னை உடைப்பதற்குள் இளகிவிடும். சுடுதண்ணீர் வேண்டாம், வெளிப்பக்கம் வெந்து உள்ளே ஐஸ் நிற்கும். அப்புறம் துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்க வேணும்.

நான் வைப்பது அம்மாவின் முருங்கைக்காய் இறால் கறி. முருங்கைக்காயைத் தண்ணீர்ப்பாலில் கறித்தூளோடு அவியவிட்டு, அது பதமான பிறகு முதற்பாலும் இறாலும். ஒரு கொதி, இறக்கித் தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு). கறித்தூள் ஊரில் இடித்ததுதான், அதில் பெருஞ்சீரகமும் வெந்தயமும் சேர்த்து வறுத்திருக்கும். சிவப்புப் பச்சையரிசிச் சோறு இருந்தால் அதுதான் ஜோடி. வார நாளில் அதற்கு நேரம் இல்லை, பாஸ்மதியோடு சாப்பிடுகிறோம். இறால் நிறைய இருந்தால் அம்மா ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழுக்கு எடுத்து வைத்துவிடுவா, கறிக்கு மிச்சம்தான். எங்கள் ஊர்க் களப்பு (காயல்) இறாலின் இனிப்பு இந்தப் பாக்கெட்டில் இல்லை. ஆனாலும் வீட்டில் அந்த வாசம் எழும்பும்போது பிள்ளைகள் மேல்மாடியிலிருந்து தாமாகவே இறங்கி வருவார்கள். நான் கூப்பிடத் தேவையில்லை.

மதுரை

அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன், ஒரே அடுப்பு. மதியம் வடித்த சோற்றில் மிச்சத்தை ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். குளிர்ந்த சோறு உதிரியாக இருக்கும், அதனால் வறுத்த சாதத்துக்குப் புதிதாக வடித்ததைவிட இதுதான் நல்லது. இறாலை முதலில் தனியாக இரண்டு நிமிடம் அதிகச் சூட்டில் பிரட்டி எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் பூண்டு, பச்சை மிளகாய், இரண்டு முட்டை, பிறகு சோறு, மிளகுத்தூள். கடைசியில் இறாலைத் திரும்பச் சேர்ப்பேன். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சோற்றைப் பகல் முழுக்க வெளியே வைத்துவிட்டு இரவில் வறுக்காதீர்கள். அதில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் கிருமி விடுகிற நஞ்சில் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் போகாது.

கோயம்புத்தூர்

எல்லோரும் ஆசையாக எழுதுகிறீர்கள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் மகனுக்கு இறால் ஒவ்வாது. ஒரு விருந்தில், இறால் பொரித்த எண்ணெயிலேயே பொரித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு உதடும் தொண்டையும் வீங்கி, நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினோம். ஒவ்வாமையைக் கிளப்பும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழியாது. அதனால் நன்றாக வேக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுப்பில் வையுங்கள். கரண்டி, வாணலி, எண்ணெய் எல்லாமே தனியாக இருக்கட்டும்.

குளச்சல், கன்னியாகுமரி

மேலே சொன்னது மிக முக்கியம். எங்கள் பக்கத்து வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை உண்டு, திருவிழாச் சாப்பாட்டில்கூட அவனுக்குத் தனிச் சட்டிதான்.

எங்கள் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதற்கு முன்னால் மாங்காய்க் காலமும் இறாலும் சேர்ந்து வரும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரவுச் சோற்றுக்கு மாங்காய் இறால்தான். ஞாயிற்றுக்கிழமையே ஒரு மூடித் தேங்காயைத் துருவி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், நாலு சின்ன உள்ளியோடு (சின்ன வெங்காயம்) நைசாக அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்வேன், இரண்டு நாள் தாங்கும். வேலை முடிந்து வந்ததும் அதை மண்சட்டியில் கரைத்து, மாங்காய்த் துண்டும் கீறிய பச்சை மிளகாயும் போட்டுக் கொதிக்க விடுவேன். மாங்காய் முக்கால்வாசி வெந்ததும் இறால். மண்சட்டி இறக்கிய பிறகும் சூட்டை வைத்திருக்கும், அதனால் இறால் நிறம் மாறத் தொடங்கியதுமே அணைத்துவிடுங்கள், மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட வேண்டும். வேறு எண்ணெய் ஊற்றினால் அந்த ருசி வராது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம், நாகப்பட்டினம் அக்காவிடம். முதுகில் இருப்பதை எடுத்துவிடுகிறோம். வயிற்றுப் பக்கமும் சிலவற்றில் ஒரு கோடு தெரிகிறதே, அதையும் எடுக்க வேண்டுமா?

நாகப்பட்டினம்

வேண்டாம்மா. முதுகில் இருப்பது குடல், அதில் மண்ணும் கழிவும் இருக்கும், பல்லில் நறநறக்கும். வயிற்றுப் பக்கம் ஓடுவது நரம்பு, அழுக்கு எதுவும் இல்லை, அப்படியே சமைக்கலாம். பொடி இறாலாக இருந்தால் முதுகைக் கீறினால் சதை கிழிந்துவிடும். அதற்கு ஒரு ஊசியோ பல்குத்தும் குச்சியோ எடுத்து, முதுகில் இரண்டாவது கட்டுக்கும் மூன்றாவது கட்டுக்கும் நடுவில் குத்தி மெதுவாகத் தூக்குங்கள், நூல் மாதிரி வந்துவிடும். அறுந்துவிட்டால் அடுத்த கட்டில் குத்துங்கள். வேளச்சேரி தங்கச்சி, நீங்களும் தலைச்சாற்றில் ஒரு நாள் சீரகச் சம்பா வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சாற்றில் ஏற்கெனவே உப்பு ருசி இருக்கும், அரிசிக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.